கோர்த்தோ தெரு சுசான்: ஒரு பாரிஸ் நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 4, வெள்ளி. லா ஷாப்பெல்

பாரிஸ் வந்து சேர்ந்தாயிற்று. கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷாப்பெல் பகுதியில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறேன். வாசலைத் தாண்டினால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள், தமிழ்ப் பெயர்ப்பலகைகள், நகைக்கடை, புடவைக்கடை. வந்த களைப்புக்கு இடியப்பமும் சொதியும் கிடைத்தது. வேறென்ன வேண்டும்?

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். 1865-ல் பிறந்து 1938-ல் மறைந்த ஓவியர் சுசான் வலாதோனின் படங்களைப் பார்க்க வந்திருக்கிறேன். பொம்பிடூ நவீனக் கலை மையத்தில் ஜனவரி 15-லிருந்து மே 26 வரை அவருக்குப் பெரிய கண்காட்சி நடக்கிறது. பாரிஸில் இவ்வளவு பெரிதாக அவருடைய படங்களைத் திரட்டிக் காட்டி ரொம்பக் காலமாகிவிட்டது. இதற்கு முன் நடந்தது 1967-ல். அதனால் இந்த வருடம் எப்படியும் வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

சுசானைப் பற்றி எதைப் படித்தாலும் முதல் பத்தியிலேயே யாராவது ஓர் ஆண் வந்து நிற்பார். ஓவியர் ரெனுவாருக்கு மாடலாக நின்றவர், இன்னோர் ஓவியர் துலூஸ்-லொத்ரெக்கின் சிநேகிதி, இசையமைப்பாளர் எரிக் சாத்தியை உருகவைத்தவர், ஓவியர் மொரீஸ் உத்ரியோவின் அம்மா. எல்லாம் உண்மைதான். ஆனால் நான் வந்தது அவர் போட்ட கோடுகளைப் பார்க்க. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புதிதாகப் பென்சில் பிடிக்கிற பிள்ளைகள் பயந்துபோய் ஒரு கோட்டை முடி முடியாக இழுப்பார்கள். அந்தப் பயத்தைப் போக்கவே வருடங்கள் ஆகும். யாரிடமும் பாடம் படிக்காத இந்தப் பெண்மணி ஒரு முதுகை, ஒரு முழங்காலை ஒரே இழுப்பில் எப்படி முடித்தார் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் 5, சனி. மொன்மார்த்ர்

லா ஷாப்பெல்லில் இரண்டாம் எண் மெத்ரோ (நகர ரயில்) பாலத்தின் மேல் ஓடுகிறது. பார்பெஸ், அடுத்தது ஆன்வேர். அங்கே இறங்கிச் சரிவில் ஏறினால் உச்சியில் சாக்ரே-கேர் தேவாலயத்தின் வெள்ளைக் கும்மட்டம் தெரியும். இடது பக்கம், குன்றேறும் இழுவை ரயிலின் கீழ் நிலையம். அதன் முன்னால் இருக்கும் சின்னச் சதுக்கத்துக்கு சுசான் வலாதோன் பெயர் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வரிசையில் இருந்தவர்களில் ஒருவரும் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. தோட்டத்தின் கிழக்குப் பக்கம் நீளமான ஒரு படிக்கட்டு ஏறுகிறது. அது மொரீஸ் உத்ரியோ தெரு. குன்றின் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மகன். மகன் பெயரிலுள்ள படிகளில் ஏறினேன்.

சுசான் இங்கே சிறுமியாக ஓடித் திரிந்தபோது இந்தத் தேவாலயம் கிடையாது. 1875-ல் தொடங்கிய கட்டுமானம் 1914-ல்தான் முடிந்தது. இந்தக் குன்றுப் பகுதியான மொன்மார்த்ர் அப்போது பாதி கிராமம். காற்றாலைகள், திராட்சைத் தோட்டங்கள், மலிவான வாடகை. அவளுடைய அசல் பெயர் மரீ-கிளெமான்தீன். அப்பா யாரென்று பதிவில்லை. அம்மா மதலேன் துணி வெளுத்தும் வீட்டு வேலை செய்தும் வளர்த்தார். குழந்தைப் பருவம் முடிவதற்குள் வேலைக்குப் போயாக வேண்டிய நிலை. தொப்பி தைக்கும் இடம், சவ அடக்கத்துக்கு மலர்வளையம் கட்டும் பட்டறை, காய்கறி விற்பனை, உணவகத்தில் பரிமாறுவது என்று மாறி மாறி ஓடியிருக்கிறாள். பதினைந்து வயதில் சர்க்கஸில் சேர்ந்தாள். மேலிருந்து விழுந்து அடிபட்டதோடு அந்த ஆசை போயிற்று. அப்புறம்தான் மாடல் வேலை.

12, கோர்த்தோ தெரு. இப்போது அது மொன்மார்த்ர் அருங்காட்சியகம். 1876-ல் ரெனுவார் இதே வளாகத்தில் அறை எடுத்து வேலை செய்திருக்கிறார். சுசான் 1912-லிருந்து 1926 வரை மகனோடும் இரண்டாவது கணவர் ஆந்த்ரே உத்தேரோடும் இங்கே குடியிருந்தார். பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் வைத்து அவருடைய ஓவியக் கூடத்தை 2014-ல் அப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் கண்ணில் படுவது ஜன்னல்தான். சுவர் அளவுக்கு உயரமான கண்ணாடி, அது வழியாக நிழலே விழாத சீரான வெளிச்சம். ஓவியம் வரைகிறவர்களுக்கு இந்த வெளிச்சத்தின் அருமை தெரியும். நடுவே விறகு அடுப்பு. துணியில்லாமல் மணிக்கணக்கில் நிற்கும் மாடலுக்குக் குளிரக்கூடாது என்று அந்த வேலையை நன்றாகவே அறிந்தவர் வைத்த அடுப்பு அது, என்று எனக்குத் தோன்றியது. ஓவியத் தாங்கி, நாற்காலி, வண்ணக் குழாய்கள். பக்கத்தில் மொரீஸின் சின்ன அறை.

மொரீஸின் கதை இங்கே வரத்தான் வேண்டும். 1883 டிசம்பர் 26-ல் பிறந்தவர். பள்ளி வயதிலேயே குடி பிடித்துக்கொண்டது. 1904-ல் மனநல மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போயிற்று. கையைச் சும்மா விடாமல் வேலை கொடுக்க வேண்டும் என்று அம்மா தூரிகையைத் திணித்தார். மகன் மொன்மார்த்ர் தெருக்களை வரைந்தான். வெளியே போனால் குடித்துவிடுவான் என்பதால் பல படங்களை அஞ்சல் அட்டையைப் பார்த்தே வரைந்தான். பிறகு அந்த மகனின் படங்கள்தான் அம்மா படங்களைவிடப் பல மடங்கு விலை போயின.

இதை இரவில் அக்காவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம். “ஒரேயொரு பிள்ளை. அதையும் குடிக்க விட்டிட்டு இந்த மனிசி படம் கீறிக்கொண்டிருந்தவவோ?” என்றார். “அப்பாக்காரனை ஏன் கேட்க மாட்டேன்கிறீங்க அக்கா?” என்றேன். உத்ரியோ என்ற குடும்பப் பெயரே கத்தலோனியாக்காரர் மிகேல் உத்ரியோ 1891-ல், பிள்ளைக்கு ஏழு வயதானபோது, போட்ட கையெழுத்தால் வந்தது. அவர்தான் உண்மையில் அப்பாவா என்பதும் முடிவாகத் தெரியாது. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போனதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் வேலைக்குப் போகாவிட்டால் மூன்று பேரும் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு. ஓர்சே

மாதத்தின் முதல் ஞாயிறு, ஓர்சே அருங்காட்சியகத்தில் அனுமதி இலவசம். நல்ல கூட்டம். நேரே மேல்தளத்துக்குப் போய் ரெனுவாரின் இரண்டு நடனப் படங்களுக்கு முன்னால் நின்றுகொண்டேன். இரண்டும் 1883-ல் வரைந்தவை, ஆளுயரம். ஒன்று கிராமத்து நடனம். அதில் ஆடுகிறவர் அலீன் ஷரிகோ, பிற்பாடு ரெனுவாரின் மனைவியானவர். சிவப்புத் தொப்பியும் கையில் விசிறியுமாக நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். இன்னொன்று நகரத்து நடனம். அதில் வெள்ளைப் பட்டு கவுனோடு ஆடுகிறவர்தான் சுசான்.

அலீனுக்கு முழு முகம் கிடைத்திருக்கிறது. சுசானுக்குக் கிடைத்தது முதுகும் பக்கவாட்டு முகமும். பட்டின் மடிப்புகளில் ரெனுவார் காட்டியிருக்கும் வித்தையைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்குள் நீலமும் சாம்பலும் ஓடுகின்றன. நீளக் கையுறை போட்ட கை ஆணின் தோளில் இருக்கிறது. பின்னால் பளிங்குத் தூணும் செடிகளும். ஒரு சீமாட்டி என்று யாரும் நம்பிவிடுவார்கள். துணி வெளுப்பவரின் மகள், வயது பதினேழு பதினெட்டு, கூலிக்கு அந்த கவுனைப் போட்டு நின்றிருக்கிறாள்.

அதே 1883-ல் சுசான் தன்னைத் தானே வரைந்த பாஸ்டல் (வண்ணக்கட்டி) படம் ஒன்று உண்டு. பொம்பிடூவில் பார்க்கப் போகிறேன். அச்சுப் பிரதியைப் பல வருடமாகப் பையில் வைத்திருக்கிறேன். இன்று அதை எடுத்து ரெனுவாரின் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். நீல உடை, நடு வகிடு, இறுக்கிய உதடு, நேரே குத்திப் பார்க்கும் கண். பட்டும் இல்லை, தூணும் இல்லை. ஒரே வருடத்து ஒரே பெண்தான் இருவரும், ஆனால் அக்கா தங்கை என்றால்கூட நம்ப மாட்டீர்கள்.

அவர் படித்த பள்ளிக்கூடம் இதுதான் என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. பியூவி த ஷவான், ரெனுவார், துலூஸ்-லொத்ரெக் என்று ஒவ்வொருவர் கூடத்திலும் அசையாமல் நின்று, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எதை அழிக்கிறார்கள், எந்த இடத்தில் பொய் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறார். பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1897-ல்தான். வசதியான வீட்டுப் பெண்கள் தனியார் ஆசிரியரிடம் காசு கொடுத்துப் படித்தார்கள். சுசானுக்கோ படிப்பும் சம்பளமும் ஒரே இடத்தில் கிடைத்தன.

கல்லூரியில் எங்கள் வகுப்புக்கு மாடலாக உட்கார ஒரு பாட்டி வருவார். இடைவேளையில் எழுந்து ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே போவார். யார் படத்தில் தோள் சரிந்திருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார். இன்று முழுக்க அவர் நினைவுதான்.

ஏப்ரல் 7, திங்கள். சேன்-துவான்

இன்று சுசானின் நினைவு நாள். 1938 ஏப்ரல் 7-ல் பக்கவாதத்தில் இறந்தார். வயது 72.

போர்த் த கிளிஞான்கூர் மெத்ரோவில் இறங்கி, பழைய சாமான் சந்தையைக் கடந்து நடந்தேன். மேசை, நாற்காலி, கண்ணாடி, சட்டமில்லாத படங்கள் என்று வழியெல்லாம் பரப்பியிருந்தார்கள். சேன்-துவான் கல்லறைத் தோட்டம் பெரியது. சுற்றுலாக்காரர்கள் இங்கே வருவதில்லை. கொண்டுபோன பூவை வைத்துவிட்டு வந்தேன். மகன் இங்கே இல்லை. அவர் 1955-ல் இறந்து, மொன்மார்த்ரில் திராட்சைத் தோட்டத்துக்கு எதிரே உள்ள சேன்-வேன்சான் கல்லறையில் இருக்கிறார்.

மதியம் தூர்லாக் தெருவுக்குப் போனேன். ஏழாம் எண் கட்டடத்தில்தான் துலூஸ்-லொத்ரெக் வேலை செய்தார். சுசானும் அங்கே குடியிருந்தார். கிழவர்களான ஓவியர்களுக்கு மாடலாக நிற்கிறவள் என்று பைபிள் கதை ஒன்றை வைத்து “சுசான்” என்று பெயர் சூட்டியவர் லொத்ரெக்தான். பெயர் கேலியில் பிறந்தது. அதையே சுசான் தன் கையெழுத்தாக்கிக்கொண்டார்.

அங்கிருந்து இறங்கி விக்தோர் மாசே தெரு. ஓவியர் எட்கார் தெகா இங்கே வசித்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆண் இவர்தான். காரணம் எளிது. தெகாவுக்கு சுசான் ஒருநாளும் மாடலாக நின்றதில்லை. ஓவியக் கோப்பு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்த் தன் படங்களைக் காட்டினார். மூர்க்கர், எளிதில் யாரையும் மெச்சாதவர் என்று பெயர் வாங்கிய அந்த மனிதர் பார்த்துவிட்டு, நீயும் எங்களில் ஒருத்தி என்றாராம். சொன்னதோடு விடவில்லை, காசு கொடுத்துப் படங்களை வாங்கினார். தன்னிடமிருந்த அச்சு இயந்திரத்தில் செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. “பயங்கர மரியா” என்று கூப்பிட்டு, உன் பொல்லாத, நெளிவான கோடுகளைக் கொண்டுவந்து காட்டு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். 1894-ல் தேசிய நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் சுசானின் கோட்டோவியங்கள் இடம்பெற்றன. எந்தப் பள்ளியிலும் படிக்காத, முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணுக்கு அது லேசான விஷயமல்ல.

அவர் எண்ணெய் வண்ணத்துக்கு முழு மூச்சாக வந்தது 1909 வாக்கில். அதுவரை பெரும்பாலும் பென்சில், கரி, செந்நிறச் சுண்ணக்கட்டி. கால் நூற்றாண்டு கோடு போட்டிருக்கிறார். வரைந்தது யாரை? குளித்துவிட்டுத் துவட்டும் வேலைக்காரப் பெண்ணை, சட்டையில்லாமல் நிற்கும் மகனை, தொட்டியருகே குனியும் அம்மாவை. கூலி கொடுத்து மாடல் வைக்க வசதியில்லாதவர் வீட்டில் இருந்தவர்களையே வரைந்தார்.

ஏப்ரல் 9, புதன். லிமோஜ், பெஸின்

விடியற்காலை ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயில். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. லிமோஜ் ரயில் நிலையமே ஒரு மாளிகை. 1929-ல் திறந்தது, பச்சைக் கும்மட்டமும் மணிக்கூண்டுமாக, தண்டவாளங்களுக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள்.

பழைய பிஷப் மாளிகையில் இருக்கும் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுசானுக்கும் ரெனுவாருக்கும் இடம் உண்டு. ரெனுவார் பிறந்தது இதே லிமோஜில்தான், 1841-ல். பீங்கானுக்குப் பேர்போன ஊரில் பிறந்து, சிறுவனாகப் பாரிஸில் பீங்கான் தட்டில் பூ வரைந்து சம்பாதித்தவர். சுசான் பிறந்த பெஸின் இங்கிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குள். ஒரே மாவட்டத்துக்காரர்கள் இருவரும் பாரிஸில் போய், ஒருவர் தூரிகையோடும் ஒருவர் பட்டு கவுனோடும் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். இந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ள “நீல அறை” இப்போது பாரிஸ் கண்காட்சிக்குப் போயிருக்கிறது.

அக்காவின் உறவினர் ஒருவர் பெஸினுக்குக் காரில் கூட்டிப்போனார். கார்த்தாம்ப் ஆறு, கருங்கல் வீடுகள், பசும்புல், மாடுகள். பின்னாளில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யுரேனியம் தோண்டினார்கள். சுசான் காலத்தில் வேலை இல்லை. லிமூசேன் பகுதியின் கொத்தனார்கள் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்குப் போய்க் கட்டட வேலை செய்து வந்தார்கள். கைக்குழந்தையோடு மதலேன் போனதும் அந்தப் பாதையில்தான். ஊரில் அதிக நேரம் இருக்கவில்லை. ஆற்றங்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு, மாலை ரயிலைப் பிடித்தோம்.

ஏப்ரல் 11, வெள்ளி. பொம்பிடூ

நேற்று முழுவதும் தூக்கம். இன்று காலை கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட்டேன்.

முதலில் கோட்டோவியங்கள். கண்ணாடிக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போனேன். நினைத்தது சரி, கோடு ஒரே இழுப்புத்தான். ஆனால் அச்சில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. அழுத்தம் மாறிக்கொண்டே போகிறது. எலும்பு தோலுக்கு அருகே வரும் இடத்தில், குதிகாலில், முழங்கையில், தண்டுவடத்தின் அடியில், பென்சிலைத் தாளில் பள்ளம் விழும்படி அழுத்தியிருக்கிறார். சதை மெத்தென்று இருக்கும் இடத்தில் கோடு மெலிந்து காணாமலே போகிறது. நின்று நின்று குதிகால் மரத்துப்போவது எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்தவருக்குத்தான் எடை எங்கே விழுகிறது என்று தெரியும். ஊருக்குப் போனதும் பிள்ளைகளுக்கு முதல் பாடம் இதுதான்.

1912-ன் குடும்பப் படத்தில் நான்கு பேர். உத்தேர் எங்கோ பார்க்கிறார். மொரீஸ் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். கிழவி மதலேன் முகமெல்லாம் சுருக்கம். நடுவில் மார்பில் கைவைத்து நம்மை நேரே பார்ப்பது சுசான் மட்டுமே.

“ஆதாமும் ஏவாளும்”, 1909. மகனின் நண்பரான உத்தேரைக் காதலித்த வருடம். அவருக்கு 23, சுசானுக்கு 44. தன்னையே ஏவாளாகவும் அவரை ஆதாமாகவும் முழு நிர்வாணமாக வரைந்தார். ஏவாள் ஆப்பிளுக்குக் கை நீட்ட, ஆதாம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். தடுக்கிறானா, உதவுகிறானா என்று சொல்லவே முடியவில்லை. பிற்பாடு பொதுக் கண்காட்சிக்கு வைத்தபோது ஆதாமின் இடுப்பில் இலைக்கொத்து ஒன்று ஏறிவிட்டது. இலை இல்லாத முந்தைய நிலையைக் காட்டும் புகைப்படம் இருக்கிறது. ஏவாளுக்கு இலை கிடையாது. பெண்ணின் நிர்வாணம் யாரையும் உறுத்தவில்லை. ஒரு பெண் பார்த்து வரைந்த ஆணின் நிர்வாணம்தான் உறுத்தியிருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது, நூறு வருடம் கழித்தும்.

அவர் அடங்கினாரா என்றால் இல்லை. 1914-ல் “வலை வீச்சு” வரைந்தார். மூன்று மீட்டர் அகலம். கயிறு இழுக்கும் மூன்று நிர்வாண ஆண்கள். மூவருமே உத்தேர்தான், ஒரே உடம்பை மூன்று கோணத்தில் திருப்பியிருக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பரில் உத்தேரை மணந்தார், அவர் போருக்குப் போனார். மறு வருடம் பெர்த் வெய்ல் என்ற பெண் வியாபாரி தன் கலைக்கூடத்தில் சுசானுக்குத் தனிக் கண்காட்சி நடத்தினார்.

கடைசியாக “நீல அறை”, 1923. மெத்தையில் சாய்ந்து கிடக்கும் பெண். இந்தச் சாய்வை ஐரோப்பிய ஓவியத்தில் நூறு தடவை பார்த்திருப்போம், எப்போதும் துணியில்லாமல், பார்ப்பவனுக்காகவே கிடப்பவளாக. இவள் கோடு போட்ட பைஜாமா போட்டிருக்கிறாள். மேலே ரோஸ் நிற உள்சட்டை. வாயில் சிகரெட். காலடியில் இரண்டு புத்தகங்கள். பருத்த கை, கொஞ்சம் களைத்த முகம். யாரையும் பார்க்கவில்லை, எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் பூப்போட்ட நீலத்துணி திரைச்சீலையாகவும் விரிப்பாகவும் வழிந்து கிடக்க, உருவத்தைச் சுற்றி அந்தக் கருப்புக் கோடு. பென்சிலில் பழகிய அதே கோடு, இங்கே தூரிகையில். பைஜாமாவின் பட்டைகள் தொடைமேல் வளைந்து போவதைப் பாருங்கள். நிழலே போடாமல், அந்தப் பட்டைகளின் வளைவை வைத்தே தொடையின் கனத்தைக் காட்டிவிடுகிறார்.

அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்து என் நோட்டில் அந்தத் தொடையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தியும் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். அவள் சிகரெட்டிலிருந்து தொடங்கியிருந்தாள்.

வர நினைக்கிறவர்களுக்கு: இந்தக் கண்காட்சி 2025 மே 26-ல் முடிந்துவிட்டது. பொம்பிடூ கட்டடமும் பெரிய பராமரிப்புக்காக 2025-ல் மூடப்பட்டது, திறக்க 2030 ஆகும் என்கிறார்கள்.  மொன்மார்த்ர் போனால் கோர்த்தோ தெரு வீட்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள், சாக்ரே-கேரிலிருந்து ஐந்து நிமிட நடைதான்.